கணக்கில் ஏறிய தொகை எப்போது உங்கள் பணமாகிறது? ரீயூனியன் தமிழர்களுக்கு ஒரு காசோலை வழிகாட்டி

ஐரோப்பாவில் காசோலையை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் நாடு பிரான்ஸ். பிரான்சின் சட்டமே பிரெஞ்சுத் தீவான ரீயூனியனிலும் சட்டம் என்பதால் இங்கும் அதே கதைதான். கோயில் சங்கத்துக்கு நன்கொடை, பிள்ளைகளின் தமிழ் வகுப்புக் கட்டணம், வீட்டுக்கான முன்பணம், பழைய கார் என்று பாதிக் கொடுக்கல் வாங்கல் காசோலையில் நடக்கிறது. தைப்பூசக் காவடி நெருங்கும் வாரங்களில் எங்கள் சங்கத்தின் உண்டியலைவிடக் காசோலை உறைதான் கனமாக இருக்கும்.

தமிழ்நாட்டிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்தவர்களுக்குக் காசோலை புதிதல்ல. ஆனால் ஊரில் பழகிய விதிகளை இங்கே கொண்டுவந்தால் இடறும். இந்தியாவில் காசோலையின் ஆயுள் 3 மாதம்; 2012 ஏப்ரல் 1 முதல் அப்படி. இங்கே ஓராண்டுக்கு மேல். அங்கே காசோலை திரும்பினால் குற்ற வழக்கு வரும். இங்கே 1991 டிசம்பரில் வந்த சட்டம் அதைக் குற்றப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டு, வேறு வகையான தண்டனையை வைத்திருக்கிறது. எல்லாவற்றையும்விடப் பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் விஷயம் ஒன்று உண்டு. காசோலையைப் போட்ட இரண்டாம் நாள் கைபேசியில் தெரிகிற தொகை உங்களுக்கு வந்து சேர்ந்த பணம் அல்ல. வங்கி உங்களை நம்பி முன்கூட்டி எழுதிவைத்த எண் அது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த இடைவெளியைப் பற்றியதுதான்.

முதல் படி: வாங்கும்போதே பாருங்கள்

காசோலை கைக்கு வந்ததும் மடித்துச் சட்டைப் பையில் வைக்காதீர்கள். கொடுத்தவர் எதிரே இருக்கும்போதே தேதி, எழுதிய ஊர், பெறுபவர் பெயர், எண்ணால் தொகை, எழுத்தால் தொகை, கையொப்பம் ஆகிய ஆறையும் பார்த்துவிடுங்கள். கையொப்பம் இல்லாதது காசோலையே அல்ல. அதைச் சரிசெய்யக் கொடுத்தவரைத் தேடிச் சலாசி வரை மலை ஏற வேண்டியிருக்கும்.

எண்ணுக்கும் எழுத்துக்கும் முரண்பாடு இருந்தால் சட்டப்படி எழுத்தில் உள்ளதே செல்லும். நம்மவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. பிரெஞ்சில் 96 என்பது கத்ர்-வேன்-செஸ். 86 என்பது கத்ர்-வேன்-சீஸ். ஒரே ஓர் எழுத்தொலி மாறினால் 10 யூரோ போய்விடும். 66, 76 இரண்டுக்கும் இதே சிக்கல் உண்டு. எண்ணில் 96 என்று அழகாக எழுதிவிட்டு எழுத்தில் 86 என்று எழுதிய காசோலைக்கு 86தான் கிடைக்கும். அல்லது வங்கி அதை விலக்கி வைத்து உங்களைக் கூப்பிடும்.

இன்னொன்று காற்புள்ளி. நாம் ஆயிரத்து இருநூற்று ஐம்பதை 1,250.00 என்று எழுதிப் பழகியவர்கள். பிரெஞ்சு வழக்கில் காற்புள்ளிதான் தசமப் புள்ளி. ஆயிரத்துக்குப் பிறகு சிறு இடைவெளி மட்டுமே விடுவார்கள். எனவே 1 250,00 என்று எழுத வேண்டும். எண் 1-க்கு மேலே கொக்கி போடுவதும் எண் 7-க்குக் குறுக்கே கோடு போடுவதும் இங்குள்ள பழக்கம். கோடு போடாத நம் 7, பிரெஞ்சுக் கண்ணுக்கு 1 போலத் தெரியும்.

சங்கங்களுக்கு வரும் காசோலையில் பெயர்தான் தலைவலி. 1901-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவான சங்கத்தின் பெயர் நீளமாக இருக்கும். பக்தர்கள் 'கோய்லு' என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். வங்கிக் கணக்கில் உள்ள பெயரோடு பொருந்தாவிட்டால் திரும்பி வர வாய்ப்பு உண்டு. ரசீது மேசையில் சங்கத்தின் முழுப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவைப்பது எளிய வழி. பெயர் இடத்தைக் காலியாக விட்டுக் கொடுத்தால் உடனே உங்கள் பேனாவால் நிரப்புங்கள். காலியான காசோலை தொலைந்தால் எடுத்தவர் தன் பெயரை எழுதிக்கொள்வார்.

இரண்டாம் படி: பின்பக்கமும் சீட்டும்

பின்பக்கத்தில் உங்கள் கணக்கு எண்ணை எழுதி, தேதியிட்டுக் கையொப்பம் போடுங்கள். இங்கு வழங்கப்படும் காசோலைகள் பெரும்பாலும் முன்பே குறுக்குக் கோடு அச்சிட்டவை. அவற்றை முகப்பில் கொடுத்து ரொக்கம் வாங்க முடியாது. மூன்றாம் ஆளுக்கு எழுதி மாற்றவும் முடியாது. உங்கள் கணக்கில்தான் போட்டாக வேண்டும்.

அடுத்து 'போர்துரோ' எனப்படும் வைப்புச் சீட்டு. காசோலை எண், தொகை, மொத்தம் ஆகியவற்றை எழுதி, உங்கள் பிரதியைக் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள். எந்திரத்தில் போட்டால் அது தரும் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வங்கி வாசலில் உள்ள பெட்டியில் உறையாகப் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: உறைக்குள் என்ன இருந்தது என்பதற்கு அந்தப் பெட்டி சாட்சி சொல்லாது. இரு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு போடுங்கள்.

காசோலையின் அடியில் கட்டை எழுத்தில் அச்சான எண் வரிசை ஒன்று இருக்கும். இடமிருந்து முதல் 7 இலக்கம் காசோலை எண். அதன்பின் 12 இலக்கம், மறுபடியும் 12 இலக்கம். எந்திரம் படிப்பது அந்த வரியைத்தான். அதன்மேல் ஊசிப்பின்னோ மடிப்போ மஞ்சள் கறையோ படக்கூடாது. கடைசியாகச் சொன்னது வேடிக்கைக்காக அல்ல. பூசைத் தட்டில் வைத்த காசோலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இணைய வங்கியில் கணக்கு வைத்திருக்கும் இளைஞர்கள் இன்னொன்றைக் கணக்கில் கொள்ள வேண்டும். செயலியில் காசோலை விவரத்தைப் பதிந்த பிறகும் தாளை அஞ்சலில் அனுப்பச் சொல்வார்கள். அந்த அஞ்சல் விமானமேறிப் பெருநிலப் பிரான்சுக்குப் போக வேண்டும். அது போய்ச் சேர்ந்த பிறகுதான் மற்றதெல்லாம் தொடங்கும். தடம் காணக்கூடிய கடிதமாக அனுப்புங்கள்.

மூன்றாம் படி: உள்ளே என்ன நடக்கிறது

ஒரு காலத்தில் காசோலைத் தாள்கள் மூட்டையாக வங்கிக்கு வங்கி பயணம் செய்தன. 2002 முதல் தாள் நகர்வதில்லை. நீங்கள் போட்ட வங்கியே அதை வைத்துக்கொள்கிறது. அடி வரியில் உள்ள எண்களும் தொகையும் மின்தகவலாக எழுதியவரின் வங்கிக்குப் போகின்றன. பெரும்பாலான காசோலைகளின் உடலை எழுதியவரின் வங்கி கண்ணால் பார்ப்பதே இல்லை. கையொப்பம் போலியா, பெயர் சுரண்டப்பட்டதா என்பதெல்லாம் உடனே வெளிப்படாமல் போவதற்கு இதுவே காரணம். இருப்பு இல்லை என்பது சில வேலை நாளில் தெரிந்துவிடும். மோசடி என்பது, உண்மையான உரிமையாளர் தன் கணக்கு அறிக்கையைப் பார்த்து அலறும் வரை தெரியாமல் இருக்கக்கூடும்.

வங்கிகளுக்கு இடையிலான பரிமாற்றம் சனி, ஞாயிறுகளில் நடப்பதில்லை. சில கிளைகள் சனிக்கிழமை திறந்திருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். டிசம்பர் 20, அதாவது 1848-இல் அடிமைமுறை ஒழிந்த நாள், இங்கு மட்டும் விடுமுறை. பெருநிலத்தில் வேலை நாள். அதையொட்டிக் கிறிஸ்துமஸும் புத்தாண்டும் வருகின்றன. அந்த இரு வாரங்களில் போட்ட காசோலைக்கு ஒரு வாரம் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: காத்திருப்பு

அமெரிக்காவில், போட்ட காசோலையின் பணத்தை எத்தனை நாளுக்குள் எடுக்கவிட வேண்டும் என்று விதிமுறையே நாள் குறித்திருக்கிறது. பிரான்சில் அப்படி நாள் எதுவும் சட்டத்தில் இல்லை. சட்டம் சொல்வது ஒன்றே: வட்டிக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் தேதி, கணக்கில் பதிந்த தேதியிலிருந்து ஒரு வேலை நாளுக்கு மேல் விலகக்கூடாது. மற்றபடி, உங்களுக்கும் வங்கிக்கும் இடையிலான ஒப்பந்தம் என்ன சொல்கிறதோ அதுதான். கணக்குத் தொடங்கியபோது கையொப்பமிட்டுவிட்டு அலமாரியில் போட்ட அந்தத் தடித்த தாள்கட்டில் இரண்டு முறைகளில் ஒன்று எழுதியிருக்கும்.

முதலாவது 'சோஃப் போன் ஃபேன்'. காசோலை நல்லபடியாகத் தேறினால் மட்டுமே செல்லும் என்ற நிபந்தனையோடு தொகையை உடனே கணக்கில் ஏற்றுவது இது. பெரும்பாலும் நடப்பது இதுவே. தேறவில்லை என்றால் வங்கி அந்தத் தொகையை உங்கள் கணக்கிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளும். அதற்குள் நீங்கள் செலவழித்துவிட்டிருந்தால் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போகும்; அந்தக் கடன் உங்களுடையது. இரண்டாவது, பணம் உண்மையில் வந்து சேர்ந்த பிறகே ஏற்றுவது. வெளிநாட்டுக் காசோலைகளுக்கு இதைக் கேட்டு வாங்குவது நல்லது.

இவை தவிர, பெரிய தொகை, புதிய கணக்கு, வழக்கத்துக்கு மாறான காசோலை என்றால் வங்கி சில நாள் நிறுத்திவைக்கலாம். அப்படி நிறுத்துவதானால் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். காரணம் கேட்டால் எரிச்சல்படுவார்கள், கேளுங்கள். ஆனால் இந்த நிறுத்திவைப்பைத் தொல்லையாகப் பார்க்க வேண்டாம் என்பது என் எண்ணம். உடனே ஏற்றிவிடுகிற வங்கியைவிட, பெரிய காசோலையை நிறுத்திப் பார்க்கிற வங்கிதான் உங்களுக்கு நன்மை செய்கிறது.

அப்படியானால் எத்தனை நாள் காத்திருப்பது? தெரிந்தவர், சிறிய தொகை என்றால் ஒரு வாரம் போதும். தெரியாதவர், பெரிய தொகை என்றால் முகப்பில் போய், 'இது இனித் திரும்ப வாய்ப்பு உண்டா?' என்றே கேளுங்கள். 'கணக்கில் ஏறிவிட்டதா?' என்று கேட்டால் 'ஆமாம்' என்பார்கள். அது பயனற்ற பதில்.

மோசடிக்காரர்கள் வாழ்வது இந்த இடைவெளியில்தான். இணையத்தில் 400 யூரோவுக்கு ஒரு சோபாவை விற்க வைக்கிறீர்கள். வாங்குபவர் 900-க்குக் காசோலை அனுப்பி, 'தவறிவிட்டது, மீதி 500-ஐ வண்டிக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்' என்கிறார். கணக்கைப் பார்த்தால் 900 இருக்கிறது. அனுப்புகிறீர்கள். இரண்டு வாரத்தில் 900 மறைகிறது. 500 போனது போனதுதான். தொகையைக் கூட்டி எழுதிய காசோலை எந்தக் காரணத்தோடு வந்தாலும் வாங்காதீர்கள்.

மாணவர்களுக்கு வலைவீசும் வகை இன்னும் கொடியது. 'என் கணக்கு முடங்கிவிட்டது தம்பி, இந்தக் காசோலையை உன் கணக்கில் போட்டு ரொக்கமாக எடுத்துத் தா, 100 யூரோ உனக்கு' என்று கைபேசியில் செய்தி வரும். அது திருட்டுக் காசோலை. பணம் திரும்பப் பிடிக்கப்படும், கணக்கு மூடப்படும். மோசடிக்கு உடந்தை என்று போலீஸ் கூப்பிடும்போது கூப்பிடப்படுபவன் அந்தத் தம்பியாக இருப்பான். மொழி அரைகுறையாகத் தெரிந்த புதியவர்களிடம் இதைச் சொல்லிவையுங்கள்.

கார் விற்கிறீர்களா?

இரண்டு மூன்று ஆயிரத்துக்கு மேல் என்றால் இங்கே 'ஷெக் த பாங்க்' கேட்பது வழக்கம். வாங்குபவரின் வங்கி அவர் கணக்கிலிருந்து தொகையை முதலில் எடுத்துக்கொண்டு, தன் பெயரிலேயே எழுதித் தரும் காசோலை அது. எனவே இருப்பு இல்லாமல் திரும்பாது. ஆனால் போலியாக இருக்கலாம். மோசடிக்காரர்களுக்கு மிகவும் பிடித்த தாளும் இதுதான்.

2009 முதல் இவற்றில் பொதுவான நீர்க்குறி உண்டு. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பின்பக்கமாகப் பார்த்தால் 'ஷெக் த பாங்க்' என்ற எழுத்தும், அதன் இருபுறமும் விதை தூவும் பெண்ணின் உருவமும் தெரியும். மேலாக அச்சடித்தாற்போல் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

நீர்க்குறி போதாது, வங்கியைக் கூப்பிட்டு உறுதி செய்ய வேண்டும். காசோலையில் அச்சான எண்ணைக் கூப்பிடாதீர்கள். போலித் தாளில் போலி எண்ணும் அச்சாகியிருக்கும். மறுமுனையில் கூட்டாளி இனிமையாகப் பேசுவார். கிளையின் எண்ணை நீங்களே தேடி எடுங்கள். வழங்கிய கிளை பெருநிலத்தில் இருந்தால் நேர வித்தியாசத்தைப் பாருங்கள்: கோடையில் பாரிஸ் நம்மைவிட 2 மணி நேரமும் குளிர்காலத்தில் 3 மணி நேரமும் பின்னால் இருக்கிறது. சேன் பியேரில் காலை 9 மணிக்குக் கைமாற்ற நினைத்தால் அங்கே விடியற்காலை 6 அல்லது 7. சனிக்கிழமை மாலை, ஞாயிறு, விடுமுறைக்கு முந்தைய நாள் என்று வாங்குபவர் அவசரப்படுத்தினால் சாவியையும் வண்டிப் பத்திரத்தையும் கொடுக்காதீர்கள். முடிந்தால் இருவரும் அவரது கிளைக்கே போய், அதிகாரி எழுதித் தருவதை நேரில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உண்மையில், இதற்கெல்லாம் இப்போது தேவையே குறைந்துவிட்டது. யூரோ நாடுகளின் வங்கிகள் 2025 ஜனவரி 9 முதல் உடனடிப் பணமாற்றத்தைப் பெறவும், அக்டோபர் 9 முதல் அனுப்பவும் வசதி தந்தாக வேண்டும். சாதாரண மாற்றத்தைவிடக் கூடுதல் கட்டணமும் வாங்கக்கூடாது. 10 வினாடியில் வந்துசேரும். அனுப்பியவர் தன்னிச்சையாகத் திரும்ப இழுக்க முடியாது. கார் விற்பவருக்கு என் முதல் பரிந்துரை இதுதான், காசோலை இரண்டாவது.

ஐந்தாம் படி: திரும்பிவிட்டால்

இருப்பு இல்லை என்று திரும்பினால் வங்கி உங்களுக்குக் காசோலையையும், திருப்பியதற்கான சான்றையும் தரும். முதலில் எழுதியவரைத் தொலைபேசியில் அழையுங்கள். பாதிப் பேர் சம்பளம் வரத் தாமதமான அப்பாவிகள். மறுபடி போடச் சொல்வார்கள், தேறிவிடும்.

தேறாவிட்டால், முதலில் போட்ட நாளிலிருந்து 30 நாள் கழிந்ததும் 'செர்த்திஃபிகா த நோன் பேமான்' என்னும் பணம் செலுத்தப்படாமைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். 30 நாளுக்குப் பிறகு மறுபடி போட்டுத் திரும்பினால் வங்கி தானாகவே தர வேண்டும். இந்தச் சான்றிதழோடு, 2022 ஜூலை வரை 'உய்சியே' என்று அழைக்கப்பட்ட நீதித்துறை அலுவலரிடம் போகலாம்; இன்றைய பெயர் 'கொமிசேர் த ஜுஸ்தீஸ்'. அவர் கடனாளியிடம் முறைப்படி சேர்ப்பித்த 15 நாளுக்குள் பணம் வராவிட்டால், நீதிமன்றப் படி ஏறாமலே வசூல் ஆணை தருவார். சம்பளத்தையோ கணக்கையோ பிடிக்க அந்த ஆணை போதும். திரும்பியதால் ஆன செலவு எழுதியவர் தலையில்தான். இந்தியாவில் செக் வழக்குக்கு நடையாய் நடந்தவர்களுக்கு இது நம்ப முடியாத அளவுக்கு எளிது.

சிறு ஆறுதல் ஒன்று: 15 யூரோவுக்கு மேற்படாத காசோலையை, எழுதிய ஒரு மாதத்துக்குள் போட்டால், எழுதியவர் கணக்கில் காசே இல்லாவிட்டாலும் அவரது வங்கி கொடுத்தாக வேண்டும்.

ஆயுளையும் மறக்கவேண்டாம். எழுதிய தேதியிலிருந்து 1 ஆண்டு 8 நாள் என்பது பெருநிலக் கணக்கு. தீவிலும் அதையே எல்லையாக வைத்துக்கொண்டால் தவறு வராது. ஆனால் சாமி படத்துக்குப் பின்னால் பதினோரு மாதம் வைத்திருந்துவிட்டு அப்புறம் போடுவது, எழுதியவர் கணக்கில் அன்று இருப்பு இருக்கும் என்ற நம்பிக்கையில் விளையாடும் சூதாட்டம்.

நீங்கள் எழுதும் காசோலைகள்

பின்தேதியிட்ட காசோலை என்ற ஒன்று இங்கே சட்டத்தின் கண்ணில் இல்லை. அடுத்த மாதத் தேதி போட்டிருந்தாலும், இன்று போட்டால் இன்றே செல்லும். வகுப்புக் கட்டணத்தை மூன்று காசோலையாகப் பிரித்து வாங்கி மாதம் ஒன்றாகப் போடும் வழக்கம் முழுக்க நம்பிக்கையில் ஓடுவது. வீட்டுக்காரரிடம் உத்தரவாதமாகக் கொடுக்கும் காசோலையும் அப்படியே. அவர் நினைத்த நாளில் போடலாம்.

வாங்கிய பொருள் சரியில்லை என்பதற்காகக் காசோலையை நிறுத்தச் சொல்லக்கூடாது. தொலைந்தது, திருடு போனது, மோசடியாகப் பயன்படுத்தப்பட்டது, வைத்திருப்பவர் திவால் நடவடிக்கையில் இருக்கிறார் என்ற காரணங்களுக்கு மட்டுமே நிறுத்தலாம். பிறருக்குக் கேடு செய்யும் எண்ணத்தோடு நிறுத்தினால் 5 ஆண்டு சிறை, 375 000 யூரோ அபராதம் வரை சட்டம் போகிறது. புதிய காசோலைப் புத்தகத்தை அஞ்சலில் வரவழைக்காமல் கிளையில் போய் வாங்குங்கள். திருட்டுகளில் பல அஞ்சல் பெட்டியில்தான் நடக்கின்றன.

உங்கள் காசோலை இருப்பின்றி வந்தால், திருப்புவதற்கு முன் வங்கி உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அன்றே பணத்தைப் போட்டுவிடுங்கள். விட்டால், 50 யூரோ வரையிலான காசோலைக்கு அதிகபட்சம் 30 யூரோவும், அதற்கு மேற்பட்டதற்கு 50 யூரோவும் கட்டணம். கட்டணத்தைவிடக் கசப்பானது தடை: 5 ஆண்டு வரை எந்த வங்கியிலும் காசோலை எழுத முடியாது, பெயர் நாட்டின் மைய வங்கியான பிரான்ஸ் வங்கியின் கோப்பில் ஏறும். கடனைத் தீர்த்தால் தடை உடனே நீங்கும், 5 ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை.

கணவன் மனைவி கூட்டுக் கணக்கு என்றால், ஒருவர் எழுதிய காசோலை திரும்பினாலும் இருவர் மேலும் தடை விழும். அப்படி நேராமலிருக்க, பொறுப்பாளி யார் என்று ஒருவரை முன்கூட்டியே எழுத்துமூலம் வங்கியில் குறிப்பிட்டு வைக்கலாம். அப்போது மற்றவர் தனிக் கணக்கில் தொடர்ந்து எழுத முடியும். இந்தத் தாளைப் பற்றி எந்த வங்கி அதிகாரியும் தானாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

கோப்பில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்க்கவும், எந்த வங்கியும் கணக்குத் தர மறுத்தால் கணக்குக்கான உரிமையைக் கோரவும் சேன் தெனியில் உள்ள இயெதோம் அலுவலகத்துக்குப் போங்கள். பிரான்ஸ் வங்கியின் வேலைகளை இத்தீவில் அது பார்க்கிறது. அடையாளச் சான்றை எடுத்துப் போக வேண்டும்.

ஊரிலிருந்து தாய்மாமன் கொடுத்தனுப்பிய ரூபாய்க் காசோலையை இங்கே போட நினைப்பவர்களுக்கு: வேண்டாம். மொரீஷியஸ் காசோலைக்கும் இதே பதில்தான். பல வாரம் ஆகும், கட்டணம் இரு முனையிலும் பிடிப்பார்கள், இந்தியக் காசோலையின் 3 மாத ஆயுள் அதற்குள் தீர்ந்தும் போகலாம். மாமாவிடம் சொல்லி அதைக் கிழித்துவிட்டு, அவர் வங்கியிலிருந்து நேரடியாகப் பணமாற்றம் செய்யச் சொல்லுங்கள்.